ஊசியை யார் தலையில் கட்டுகிறது? வார்டு ஷார்ப்ஸ் சாமான்கள்: ஒரு மதிப்புரை

ஊசிக் குத்துக் காயத்தைத் தடுப்பதாகச் சொல்லி மருத்துவமனை ஸ்டோர்ஸில் வந்து இறங்கும் சாமான்களுக்கு இன்று குறைவில்லை. நீடில் பர்னர், ஹப் கட்டர், போட்ட ஊசிகளைச் சேர்க்கும் வெள்ளை டப்பா, சேஃப்டி கேனுலா, சேஃப்டி லான்செட் என்று டீலர் நீட்டும் கேட்லாக்கில் "முழுப் பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். யாருக்கு என்று போட்டிருக்காது. ஊசி போட்ட சிஸ்டர் தப்பித்துவிட்டார், மறுநாள் காலை பையைத் தூக்கிய தூய்மைப் பணியாளரின் தொடையில் குத்திவிட்டது என்றால், வாங்கிய சாமான் ஆபத்தை அடுத்தவர் தலையில் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே இங்கே எல்லாச் சாமானுக்கும் ஒரே உரைகல்: வேலை முடிந்ததும் இது ஊசியை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறது?

பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு. ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குப் போட்டது, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால், 6 முதல் 30 விழுக்காடு. வார்டில் எல்லோரும் முன்னதைக் கண்டுதான் நடுங்குகிறார்கள். பின்னதற்குத் தடுப்பூசி இருந்தும் கான்ட்ராக்ட் பணியாளர்களில் பலருக்கு மூன்று டோஸும் முடிந்திருப்பதில்லை. ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நேற்றைய ஊசிதானே என்று விட முடியாது.

இன்னொன்று, எல்லா ஊசியும் ஒரே மாதிரி இல்லை. உள்ளே துளை உள்ள ஊசி, ரத்தக் குழாய்க்குள் போய்வந்திருந்தால், துளை நிறைய ரத்தத்தோடு வெளியே வரும். கேனுலாவின் (நரம்பில் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) உள்ளே இருக்கும் ஊசியான ஸ்டைலெட், ரத்தம் எடுக்கும் ஊசி, டியூபோடு வரும் சிறகு ஊசியான பட்டர்ஃப்ளை ஆகியவைதான் தலையாய எதிரிகள். தசையில் போட்ட ஊசியும் தையல் ஊசியும் அதற்கு அடுத்த இடம். பட்ஜெட் குறைவாக இருக்கும் மருத்துவமனை இந்த வரிசையில் செலவழித்தாலே பாதி வேலை முடிந்தது. நடைமுறையில் நடப்பதோ நேர்மாறு: முதலில் வாங்குவது பர்னர்தான்.

நீடில் பர்னர்: வேண்டாம்

இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஊசியைச் செருகினால் ஷார்ட் ஆகி, எஃகு சிவந்து உருகி விழும். பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆய்வுக்கு வருபவர்களுக்கும் காட்ட நன்றாக இருக்கும். ஆனால் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மெஷின் இருக்கும், பெரும்பாலும் டியூட்டி ரூம் மேடையில். பதினோராம் நம்பர் கட்டிலில் ஊசி போட்ட சிஸ்டர் மூடியில்லாத ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, அட்டெண்டர்களும் குழந்தைகளும் நடமாடும் வராந்தாவைத் தாண்டி வர வேண்டும். அதற்குப் பயந்து மூடியைத் திரும்ப மாட்டுகிறார். மூடியை மாட்டும் அந்த நொடியில்தான் இடது கைக் கட்டைவிரலில் குத்துகிறது.

மெஷினிடமும் கோளாறுகள் உண்டு. ஊசி முழுதாக உருகாது. ஊசியைச் சிரிஞ்சில் மாட்டும் பிளாஸ்டிக் அடிப்பகுதியான ஹப் ஓரத்தில் சில மில்லிமீட்டர் கூர்மையான கட்டை மிஞ்சும். தடித்த ஊசிகள் உருக நேரமாகும். ஈரமான ஊசி சடசடவென்று தெறிக்கும். மின்முனையில் கரி படியப் படிய வேகம் குறையும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய யாருக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்காது. கரண்ட் போனால் கதை முடிந்தது. பொறி பறக்கும் சாதனத்தை ஆக்ஸிஜன் ஓடும் ஐ.சி.யூ. கட்டில் பக்கத்திலோ ஸ்பிரிட் பாட்டில் பக்கத்திலோ வைப்பது தனி ஆபத்து. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கட்டர் அல்லது பர்னர் என்று இரண்டையும் குறிப்பிடுகின்றன. ஆகவே சட்டப்படி தப்பில்லை. ஏற்கெனவே இருந்தால் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. புதிதாக வாங்காதீர்கள்.

ஹப் கட்டர்: வாங்கலாம், பார்த்து வாங்குங்கள்

கரண்ட் வேண்டாம். லீவரை அழுத்தினால் இரண்டு பிளேடுகள் ஒன்றையொன்று தாண்டிப் போய் வெட்டும். ஊசி கீழே உள்ள டப்பாவில் விழும், நுனி போன சிரிஞ்சு சிவப்புப் பைக்குப் போகும். நம் நாட்டுத் தடுப்பூசி முகாம்களில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சாமான். கிராமத்து வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்) அக்காக்களைக் கேட்டால் எந்தக் கட்டர் உழைக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிளாஸ்டிக் ஹப்பில் விழ வேண்டும். சிரிஞ்சைப் பாதி மட்டும் செருகி அழுத்தினால் வெட்டு உலோகத்தில் விழும். அப்போது சிரிஞ்சோடு ஒரு கூரான துண்டு ஒட்டிக்கொண்டு சிவப்புப் பைக்குள் போகும். சிவப்புப் பையைத் தூக்குபவர் அதில் ஊசி இருக்காது என்று நம்பித்தான் தூக்குகிறார். உலோகத்தையே வெட்டி வெட்டிப் பிளேடும் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடு ஹப்பை நசுக்கும், வெட்டாது. பாதி அறுந்த ஊசி தொங்கும். அதைக் கையால் பிடுங்குவதுதான் அடுத்த விபத்து.

வாங்குமுன் சாம்பிள் கேளுங்கள். உங்கள் வார்டில் ஓடும் சிரிஞ்சுகளையே, 2 மி.லி., 5 மி.லி., 10 மி.லி., ஊசியைத் திருகி மாட்டும் லூயர் லாக் உள்ளது, இன்சுலின் சிரிஞ்சு என்று ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து புதுசாக எடுத்து வெட்டிப் பாருங்கள். லூயர் லாக் சிரிஞ்சின் கழுத்தில் இருக்கும் வளையம் பல கட்டர்களின் துளைக்குள் இறங்காது. கேனுலா ஸ்டைலெட்டின் ஹப் எதிலும் இறங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திணிக்கப் போய்த்தான் கட்டர்கள் உடைகின்றன. அது நேராக வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டிய சாமான்.

அடியில் இருக்கும் டப்பாவையும் கவனியுங்கள். கழற்றி, மூடி, அப்படியே ஒப்படைக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. திறந்து பெரிய கேனில் கொட்டும் மாதிரி இருந்தால், கொட்டுபவர் யார் என்று கேளுங்கள். நம் உரைகல்லில் அந்த மாடல் அங்கேயே விழுந்துவிடும்.

வெள்ளை டப்பா

மொத்தச் சாமான்களிலும் மலிவானது இதுதான்; அதிகம் சொதப்புவதும் இதில்தான். விதி கேட்பது நான்கு: வெண்மையான ஒளி ஊடுருவும் நிறம், குத்தினால் துளைபடாத சுவர், கசியாத உடல், திறந்து கைவைக்க முடியாத மூடி. இறக்குமதிக் கேட்லாக்கில் மஞ்சள் டப்பா அழகாக இருக்கும். நம் விதியில் மஞ்சள் என்றால் எரியூட்டப் போகும் கழிவு. ஊசி அப்படிப் போவதில்லை. ஆட்டோகிளேவ் அல்லது உலர் வெப்பத்தில் கிருமி நீக்கி, நொறுக்கி, அல்லது உலோகக் கலனிலோ கான்கிரீட்டிலோ அடைத்து முடிக்கிறார்கள். ஆகவே மஞ்சள் டப்பாவை வாங்கிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்து ஆட்களைக் குழப்ப வேண்டாம்.

டீலர் காட்டும் சான்றிதழோடு, சாம்பிள் டப்பா ஒன்றில் நீங்களே பார்த்துவிடக்கூடிய சில சோதனைகள் உண்டு. 18 நம்பர் ஊசியை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் இறுகப் பிடித்து டப்பாவின் சுவரிலும், குறிப்பாக அடிமூலையிலும் அழுத்துங்கள். மோல்டிங்கில் மெலிந்து போவது மூலைதான். கை பலத்தில் ஊடுருவினால் திருப்பி அனுப்புங்கள். பிறகு கோடு வரை தண்ணீர் ஊற்றி, கடைசிப் பூட்டைப் போட்டு, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மேஜை உயரத்திலிருந்து ஒருமுறை கீழே போடுங்கள். பூட்டிய மூடியை வெறுங்கையால் திறக்க முயலுங்கள். திறந்தால் அது பக்கெட், ஷார்ப்ஸ் கன்டெய்னர் இல்லை. கடைசியாக, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் மட்டும் 10 மி.லி. சிரிஞ்சையும் பட்டர்ஃப்ளை செட்டையும் வாய்க்குள் போட்டுப் பாருங்கள். பட்டர்ஃப்ளையின் டியூப் சுருண்டு திமிறும்; வாய் குறுகலாக இருந்தால் ஊசி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கும். வாய் அகலமாக இருந்தாலோ கையே உள்ளே போகும். இரண்டுக்கும் நடுவே ஒன்றைத் தேட வேண்டும்.

இவ்வளவும் தேறிய டப்பாவை வாங்கிவிட்டு, எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். கதவுக்குப் பின்னால், வாஷ்பேசினுக்கு அடியில், அட்டெண்டர் சேருக்குப் பக்கத்தில் தரையில். குழந்தைகள் வார்டில் தரையில் வைத்த டப்பாவுக்குள் கை விடும் முதல் ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இருக்க வேண்டிய இடம் ஊசி போடும் கைக்கு எட்டும் தூரம். டிராலி போகும் இடமெல்லாம் போகும்படி, டிராலியின் பக்கக் கம்பியில் கிளாம்ப் போட்டு மாட்டிய சிறு டப்பா ஒன்று, டியூட்டி ரூமில் வைத்த பெரிய டப்பா நான்குக்குச் சமம். சுவரில் பொருத்துவதானால் உயரம் முக்கியம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998-இல் தந்த வழிகாட்டல், நின்று வேலை செய்யும் இடத்தில் டப்பாவின் வாய் தரையிலிருந்து 52 முதல் 56 அங்குலம், உட்கார்ந்து செய்யும் இடத்தில் 38 முதல் 42 அங்குலம் என்கிறது. அது அந்த ஊர் உயரத்துக்குப் போட்ட கணக்கு. இங்கே வார்டில் இருப்பதிலேயே குள்ளமான சிஸ்டரை நிற்க வைத்து, டப்பாவின் வாயும் உள்ளே நிரம்பியிருக்கும் அளவும் அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்து ஆணி அடியுங்கள். தலைக்கு மேலே உள்ள வாய்க்குள் குத்துமதிப்பாகக் கையை நீட்டும்போது, முன்பு போட்ட ஊசி எதிர்கொண்டு வரும்.

முக்கால் அளவு நிரம்பியதும் பூட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வழிகிறது. ஸ்டோர்ஸில் "போன வாரம்தானே கொடுத்தோம்" என்று கேள்வி கேட்டால் வார்டு இன்சார்ஜ் டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். பஞ்சு, கையுறை, காலி ஆம்ப்யூல் எல்லாம் உள்ளே விழுந்தால் இடம் போய்விடும். உடைந்த கண்ணாடியும் மருந்து வயலும் நீல நிறத்துக்கு உரியவை. கட்டர் இல்லாத வார்டில் சிரிஞ்சோடு ஊசியைப் போடும்போது டப்பா மூன்று நான்கு மடங்கு வேகத்தில் நிரம்பும், அதற்கேற்ப இண்டெண்ட் (ஸ்டோர்ஸுக்குக் கேட்புச் சீட்டு) போட்டிருக்க மாட்டார்கள். இதில் பாதிக்கும் மேல் பிளாஸ்டிக்கின் குறை இல்லை. கணக்குக் கேட்பவரின் குறை.

இரண்டு பழக்கங்களை உடனே நிறுத்தலாம். ஒன்று, டப்பாவுக்குள் ஹைப்போ (குளோரின் கலந்த கிருமிநாசினி) ஊற்றி வைப்பது. பழைய காலத்து வழக்கம். இப்போதைய விதி மருத்துவமனைக்குள்ளேயே கிருமி நீக்கச் சொல்வது லேப் கழிவு, நுண்ணுயிர்க் கழிவு, ரத்த மாதிரி, ரத்தப் பை போன்றவற்றைத்தான். டப்பாவில் ஹைப்போ ஊற்றினால் தூக்கும்போது முகத்தில் தெறிக்கும், கசியும், வேறு பயனில்லை. இரண்டு, நிரம்பிய டப்பாவைப் பெரிய கேனில் கவிழ்த்துவிட்டு, கழுவித் திரும்ப வார்டுக்கு அனுப்புவது. சிக்கனம் என்று ஸ்டோர்ஸ் நினைக்கும். கவிழ்ப்பவரின் கையுறையைப் பார்த்தால் வார்டில் போடும் அதே மெல்லிய எக்ஸாமினேஷன் கையுறையாக இருக்கும். அதற்கும் ஊசிக்கும் இடையே காகிதம் அளவுக்குக்கூடத் தடை இல்லை.

கையுறைப் பேச்சு வந்ததால் இங்கேயே சொல்லிவிடலாம். தூய்மைப் பணியாளருக்கு முழங்கை எட்டும் தடித்த ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, முன்பக்கம் மூடிய பூட்ஸ், கீழே கிடக்கும் ஊசியை எடுக்க நீண்ட இடுக்கி, இவை மூன்றும் கொடுக்காமல் மேற்சொன்ன எதையும் வாங்குவது வீண். தடித்த கையுறையையும் ஊசி துளைக்கும். ஆனால் வேகத்தைக் குறைக்கும், கொஞ்சம் ரத்தத்தைத் துடைத்துவிடும். அளவு பார்த்து வாங்குங்கள். எல்லோருக்கும் பெரிய சைஸ் வாங்கினால் அந்த அக்கா கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்வார்.

சேஃப்டி கேனுலா: காசு அதிகம், தகும்

ராத்திரி இரண்டு மணி. காய்ச்சலில் திமிறும் குழந்தைக்கு மஞ்சள் கேனுலா போட்டாகிவிட்டது, 24 நம்பர். ஒரு கையால் நரம்பை அழுத்திக்கொண்டு, மறு கையால் ஸ்டைலெட்டை உருவி, பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். ஸ்டைலெட்டை எங்கே வைப்பது? கிட்னி ட்ரேயில், பஞ்சு மேல். டிராலி எட்டவில்லை என்றால் மெத்தையில் குத்தி வைப்பார்கள். பிறகு "அக்கா, அந்த ட்ரேயைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு குரல். பஞ்சோடு பஞ்சாக ஸ்டைலெட்டும் மஞ்சள் பைக்குப் போகிறது. மெத்தையில் குத்தியது விரிப்பு மாற்றும்போது தெரியவரும்.

இந்த ஒரு காட்சிக்காகவே சேஃப்டி கேனுலா தகும். இரண்டு வகை. தானே இயங்குவது ஒன்று: ஊசியை உருவும்போது அதன் நுனி கேனுலாவை விட்டு வெளிவரும் கணத்தில் ஒரு சிறு உலோகக் கிளிப் நுனியைக் கவ்வி மூடும். நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். பட்டனை அழுத்தினால் ஸ்ப்ரிங் ஊசியை உறைக்குள் இழுத்துக்கொள்வது மற்றொன்று. பி. பிரௌனின் இன்ட்ரோகேன் சேஃப்டி முதல் வகை, பி.டி.யின் இன்சைட் ஆட்டோகார்டு இரண்டாம் வகை. உள்நாட்டுத் தயாரிப்பாளர்களிடமும் சேஃப்டி மாடல்கள் கிடைக்கின்றன.

நம் வார்டு நெரிசலுக்குத் தானே இயங்கும் வகைதான் என்பது எங்கள் தீர்ப்பு. பட்டனை அழுத்த மறப்பார்கள். அவசரத்தில் கேனுலா முழுதாக உள்ளே போகுமுன் அழுத்திவிட்டால் லைனும் போய்விடும். ஸ்ப்ரிங் சுண்டும் வேகத்தில் ரத்தத் துளி தெறிப்பதும் உண்டு. கிளிப் வகையிலும் நேராக, ஒரே சீராக உருவ வேண்டும். உருவிய ஊசியைத் திரும்பச் செருகவே கூடாது. எந்தக் கேனுலாவிலும் அது கூடாதுதான், குழாயின் நுனி அறுபட்டு ரத்தத்தோடு போகும். நுனி மூடிவிட்டதே என்று ஸ்டைலெட்டைக் குப்பையில் போடக் கூடாது. அதுவும் வெள்ளை டப்பாவுக்குத்தான்.

பழகும் வரை முணுமுணுப்பு இருக்கும். "ஃப்ளாஷ்பேக் (ஊசி நரம்பில் இறங்கியதைக் காட்டும் ரத்தம்) தெரியல, சிஸ்டர்", "உருவும்போது இழுக்குது" என்பார்கள். டீலரின் ஆள் ஒருநாள் வந்து டெமோ காட்டிவிட்டுப் போனால் போதாது. நைட் டியூட்டிக்காரர்களுக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். இன்னொரு வம்பு, மேலே ஊசி போடும் போர்ட். பச்சை, பிங்க், நீலம் என்று நம் ஊரில் ஓடும் கேனுலாக்கள் பெரும்பாலும் போர்ட் வைத்தவை. மூடியைத் திறந்து மருந்தைத் தள்ளிப் பழகிவிட்டார்கள். சேஃப்டி கேனுலாக்களில் பல போர்ட் இல்லாதவை. போர்ட் இல்லாததை வாங்கினால் ஊசியில்லாக் கனெக்டரையும் சேர்த்து வாங்க வேண்டும். போர்ட் தொற்று நுழையும் வாசலாகவும் இருப்பதால் அதை இழப்பது நஷ்டமில்லை. ஆனால் கனெக்டரின் விலையைக் கணக்கில் சேர்க்காமல் ஒப்பிட்டால் மூன்றாம் மாதம் பர்சேஸ் கையை விரிக்கும். போர்ட் வைத்த பழைய வென்ஃப்ளான் கேனுலா மறுபடி வந்துவிடும்.

முழு மருத்துவமனைக்கும் மாற்ற முடியாவிட்டால் கேஷுவல்ட்டி, பிரசவ அறை, குழந்தைகள் வார்டு, டயாலிசிஸ் பக்கம் முதலில் கொடுங்கள். நோயாளி திமிறும் இடமும் கை அவசரப்படும் இடமும் அவைதான்.

சின்னச் சாமான்கள்

சர்க்கரை பார்க்கும் சேஃப்டி லான்செட். விரலில் வைத்து அழுத்தினால் குத்திவிட்டு ஊசி தானே உள்ளே போய்விடும், திரும்ப வராது. இந்தப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். பேனா மாதிரி லான்சிங் கருவியில் ஊசியை மட்டும் மாற்றிப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்துவது நோயாளிகளுக்கு இடையிலேயே ஹெபடைட்டிஸ் பி-யைப் பரப்பியிருக்கிறது. வார்டில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

வேக்யூட்டெய்னர் ஹோல்டர், அதாவது ரத்தம் எடுக்கும் ஊசியையும் டியூபையும் பிடிக்கும் பிளாஸ்டிக் கூடு. லேப் டெக்னீஷியன் ஒரே ஹோல்டரை நாள் முழுக்க வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் திருகிக் கழற்றுவார். அந்த ஊசிக்கு இரண்டு முனை. முன்முனையை மூடினாலும், ரப்பர் உறைக்குள் இருக்கும் பின்முனை திருகும் விரலுக்குக் காத்திருக்கும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு விதிகளை அமல்படுத்தும் அமைப்பான ஓஷா, ஊசியை ஹோல்டரிலிருந்து கழற்றவே கூடாது, இரண்டையும் சேர்த்து டப்பாவில் போடு என்கிறது. ஹோல்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை; டப்பா சீக்கிரம் நிரம்புவதுதான் செலவு. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பைக் பையன்களிடம் பூட்டக்கூடிய சிறு டப்பா இருக்கிறதா என்று லேப் உரிமையாளர் பார்க்க வேண்டும். பையின் வெளிப் பாக்கெட்டில் ஊசியோடு வண்டி ஓட்டுகிறார்கள்.

ஏ.டி. (ஆட்டோ டிஸேபிள்) சிரிஞ்சு ஒருமுறைக்கு மேல் இழுக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். நோயாளியைக் காப்பாற்றும் அருமையான சாமான். ஊசி அப்படியே வெளியில்தான் இருக்கும்; சிஸ்டருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. "சேஃப்டி சிரிஞ்சு" என்று இதையே பில் போட்டுக் கொடுக்கும் டீலர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டல் மறுபயன்பாட்டைத் தடுப்பதையும் குத்துக் காயத்தைத் தடுப்பதையும் தனித்தனி அம்சங்களாகவே பேசுகிறது. பில்லில் எது என்று கேட்டு வாங்குங்கள்.

பல் கிளினிக்கில் ஒரே நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசியை இரண்டு மூன்று முறை போட வேண்டியிருப்பதால் மூடியை மாட்டாமல் இருக்க முடியாது. அங்கே மூடியை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்டாண்டு ஒன்று மேஜையில் இருந்தால் போதும்; ஒரே கையால் ஊசியை இறக்கி மூடலாம். இல்லையென்றால் மூடியை ட்ரேயில் கிடத்தி, ஒரு கையால் ஊசி நுனியில் அள்ளி எடுப்பது.

குத்திய பிறகு

இதையும் ஒரு சேவையாக வைத்து மதிப்பிடத்தான் வேண்டும். குத்தியவுடன் சோப்புத் தண்ணீரில் கழுவுவது. பிதுக்கவோ, விரலை வாயில் வைக்கவோ, ஹைப்போ ஊற்றவோ கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் டோஸ் முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள். இன்றைய முறையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, 28 நாள். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ், முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்ற பரிசோதனை. அந்த ரிசல்ட் ஃபைலில் இருந்தால் குத்திய இரவில் பாதிக் கவலை இல்லை. இல்லாதவருக்கு, நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால், இம்யூனோகுளோபுலினும் வேண்டும், கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்.

உங்கள் மருத்துவமனையைச் சோதிக்க ஒரு வழி: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேஷுவல்ட்டிக்குப் போய், அந்த மாத்திரையின் முதல் டோஸ் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேளுங்கள். "காலையில ஸ்டோர்ஸ் திறந்ததும்" என்று பதில் வந்தால் கேட்லாக்கை மூடிவிட்டு முதலில் இதைச் சரி செய்யுங்கள்.

கான்ட்ராக்ட் பணியாளருக்கு அந்த மருந்துக்கும் பரிசோதனைக்கும் யார் பணம் கட்டுவது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாத இடத்தில்தான் "ஒண்ணுமில்ல சிஸ்டர், லேசாத்தான் பட்டுச்சு" என்று விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போகிறார்கள். சொன்னால் சூப்பர்வைசர் திட்டுவார், வேலை போனாலும் போகும். ஆட்கள் ஆறு மாதம் தாக்குப்பிடிக்காமல் மாறிக்கொண்டே இருப்பதால், தடுப்பூசியின் முதல் டோஸை வேலைக்குச் சேரும் நாளிலேயே போட்டு, கார்டை அவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. அடுத்த இடத்தில் மீதியைப் போட்டுக்கொள்ளட்டும். ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் ஆண்டுக்கொரு உடல் பரிசோதனையும் 2016 விதிகளில் உள்ள கடமை. ஆபத்துள்ள பணியிடங்களில் தடுப்பு மருந்து கிடைக்கச் செய்வது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின்படி நிர்வாகத்தின் பொறுப்பு.

பதிவேடு விஷயத்தில் விதியே கொஞ்சம் சறுக்குகிறது. "பெரிய விபத்து" என்றால் 24 மணி நேரத்தில் அறிக்கை போக வேண்டும்; ஆனால் அதன் வரையறையிலிருந்து ஊசிக் குத்தை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறார்கள். ஆண்டறிக்கையில் சொன்னால் போதும். அதனால் பல இடங்களில் ஆண்டு முடிவில் யாரோ உட்கார்ந்து பூஜ்யம் என்று நிரப்புகிறார்கள். நூறு கட்டில் மருத்துவமனையில் ஆண்டு முழுக்க ஒரு குத்துக்கூட இல்லை என்ற தாளைப் பார்த்தால் மெச்சாதீர்கள். அங்கே யாரும் வாய் திறப்பதில்லை என்று பொருள்.

நல்ல பதிவேட்டுக்குப் பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். நேரம், இடம், ஊசியின் வகை, பிராண்ட், பிறகு எந்தக் கட்டத்தில் குத்தியது: போடும்போதா, போட்டபின் டப்பாவுக்குப் போகும் வழியிலா, டப்பாவில் போடும்போதா, கழிவிலிருந்தா. வழியில் குத்தினவை அதிகம் என்றால் டப்பா தூரத்தில் இருக்கிறது. டப்பாவில் போடும்போது குத்தினவை என்றால் டப்பா நிரம்பி வழிகிறது அல்லது வாய் சரியில்லை. கழிவிலிருந்து குத்தினவை என்றால் ட்ரேயும் மெத்தையும். பேர் எழுதும் கட்டத்தை மருந்து கொடுப்பவரின் பைலில் மட்டும் வைத்துவிட்டு, கமிட்டிக்குப் போகும் தாளில் எடுத்துவிடுங்கள். வார்டு மீட்டிங்கில் "யார் அது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த நோட்டில் அதற்கப்புறம் மை படாது.

வாங்கும் முறை

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வந்த ஊசிக் குத்துத் தடுப்புச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. எந்தச் சாமானை வாங்குவது என்பதில் அதைக் கையில் பிடிக்கும் ஊழியர்களின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும். காயப் பதிவேட்டில் சாமானின் வகையையும் பிராண்டையும் எழுதியே ஆக வேண்டும். 2001-இல் அங்கே மருத்துவமனை ஊழியர்களின் குத்துக் காயங்கள் சுமார் 38 விழுக்காடு சரிந்தன. இங்கே எல்1 டெண்டரில் குறைந்த விலைக்குப் போகிறது. கமிட்டியில் மருத்துவர் இருப்பார், அக்கவுண்ட்ஸ் இருப்பார், சில இடங்களில் நர்சிங் சூப்பிரண்டெண்ட் இருப்பார். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரைக்கூடக் கூப்பிடுவதில்லை, பை தூக்கும் அக்காவை யார் கூப்பிடுவது? டெண்டரை மாற்ற முடியாது என்றால் பரவாயில்லை; ஸ்பெசிஃபிகேஷன் எழுதும் நாளில் சாம்பிள்களை வார்டு மேஜையில் பரப்பி, டே, நைட் இரண்டு ஷிஃப்டுக்கும் ஒரு வாரம் கொடுத்து, பிறகு எழுதுங்கள். "துளைபடாதது" என்று மட்டும் எழுதினால் யாரும் எதையும் தருவார்கள். கடைசிப் பூட்டு, நிரப்புக் கோடு, டிராலி கிளாம்ப், வாயின் அகலம் என்று எழுதினால் பாதி ஏலதாரர்கள் தாமே விலகிவிடுவார்கள்.

வாங்க வேண்டிய வரிசையைக் கேட்டால்: டிராலிக்கு ஒரு வெள்ளை டப்பா, தூய்மைப் பணியாளருக்குச் சரியான அளவில் கையுறையும் இடுக்கியும், கேஷுவல்ட்டியில் முதல் டோஸ் மாத்திரை, சேஃப்டி லான்செட், தனித்தனி ஹோல்டர், பிறகு கேனுலா. தசை ஊசி அதிகம் போடும் ஓ.பி.க்கும் தடுப்பூசி அறைக்கும் ஹப் கட்டர். பர்னருக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் கிளாம்ப் வாங்குங்கள். அது எப்போதும் உடைந்துகொண்டே இருக்கும், உபரியாக ஒரு டஜன் ஸ்டோர்ஸில் இருக்கட்டும்.